பீட்சாவை அதன் அடுப்பைக் கொண்டு அளப்போம்

உலகின் மிகச் சிறந்த பீட்சா எந்த ஊரில் கிடைக்கும் என்று ஆண்டுதோறும் தரவரிசைப் பட்டியல்கள் வெளிவருகின்றன. நேப்பிள்ஸா, நியூயார்க்கா, சிகாகோவா என்று அவற்றை முன்வைத்து நடக்கும் வாதங்களுக்கும் முடிவில்லை. அந்தக் கேள்வியே பிழையானது என்பது என் கருத்து. வெவ்வேறு அடுப்பில், வெவ்வேறு வெப்பத்தில், வெவ்வேறு வாழ்க்கை கொண்ட மக்களுக்காகப் பிறந்த பண்டங்களை ஒரே வரிசையில் நிறுத்தி மதிப்பெண் போட்டால், அவற்றில் எதுவுமே நமக்குச் சரியாகப் புரிபடாது. அதைவிடப் பெரிய கேடும் ஒன்று உண்டு. நம் ஊரிலேயே இருக்கும் நல்ல கடையை அடையாளம் காணும் பழக்கத்தை நாம் இழந்துவிடுகிறோம். ஒரு பீட்சாவை மதிப்பிட வேண்டுமானால், அது எந்த ஊர் மரபைச் சேர்ந்தது, எந்த அடுப்பில் வெந்தது என்று முதலில் கேட்க வேண்டும். அந்த மரபு கேட்கும் வேலையைக் கடைக்காரர் ஒழுங்காகச் செய்திருக்கிறாரா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். மேலே என்னென்ன தூவியிருக்கிறார்கள் என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. இன்று பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம்.

நேப்பிள்ஸிலிருந்தே தொடங்கலாம். 1984இல் அங்கே உருவான ‘அசல் நேப்பிள்ஸ் பீட்சா சங்கம்’ தன் மரபுக்கு எழுத்து வடிவில் விதிகள் வகுத்தது. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் ‘நேப்பிள்ஸ் பீட்சா’ என்ற பெயருக்கு மரபு உணவு என்ற பாதுகாப்பை அளித்தது. நேப்பிள்ஸ் பீட்சா கலைஞர்களின் கைத்திறன் 2017இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அந்தச் சங்கத்தின் விதிகளின் மையத்தில் இருப்பது வெப்பம். விறகடுப்பு ஏறத்தாழ 430 முதல் 485 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிட வேண்டும். மற்ற எல்லாமே இந்த ஒரு நிபந்தனையிலிருந்து பிறக்கின்றன. மாவில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறெதுவும் கிடையாது. அவ்வளவு வெப்பத்தில் சர்க்கரையோ எண்ணெயோ சேர்ந்த மாவு உள்ளே வேகும் முன்பே வெளியே கருகிவிடும். ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடுவதால் மாவின் ஈரம் உள்ளேயே தங்குகிறது. ஓரம் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் உப்பி, ஆங்காங்கே கரும்புள்ளி விழுகிறது. நடுப்பகுதி மடித்தால் மடங்கும் அளவுக்குத் துவண்டு கிடக்கிறது. இந்தத் துவளலை அரைவேக்காடு என்று நினைப்பவர் அந்தப் பீட்சாவின் இலக்கணத்தையே குற்றமாகக் கருதுகிறார்.

அதே நேப்பிள்ஸ் மக்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது அடுப்பு மாறியது. அமெரிக்காவின் வடகிழக்கு நகரங்களில் ரொட்டிக் கடைகள் நிலக்கரியை எரித்தன. அந்த அடுப்புகளில் வறண்ட, நின்றெரியும் வெப்பம் கிடைத்தது. பீட்சா சற்று நேரம் கூடுதலாக வெந்து மொறுமொறுப்பேறியது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில், ஊஸ்டர் தெருவில் 1925இல் ஃபிராங்க் பெப்பே தொடங்கிய கடை இன்றும் நிலக்கரி அடுப்பில்தான் சுடுகிறது. அங்கே சாதாரண பீட்சா கேட்டால் தக்காளியும் துருவிய கெட்டிச் சீஸும் மட்டுமே வரும். மொசரெல்லா வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் இன்னொரு திருப்பம் நடந்தது. இரண்டாம் உலகப் போரையொட்டி எரிவாயுவில் எரியும் தட்டடுக்கு அடுப்புகள் பரவின. அவற்றை வைக்க அதிக இடம் தேவையில்லை. விறகையும் நிலக்கரியையும் கையாளத் தெரிந்த தேர்ந்த ஆளும் தேவையில்லை. ஆனால் அவற்றின் வெப்பம் 300 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். பீட்சா வேக ஆறேழு நிமிடமாகும். நீர் நிறைந்த புதுச் சீஸ் அவ்வளவு நேரம் அடுப்பில் கிடந்தால் தண்ணீர் விட்டு மாவைச் சொதசொதப்பாக்கும். அதனால் ஈரம் குறைந்த மொசரெல்லா இடம்பிடித்தது. மாவு நன்கு சிவக்கவும் மென்மை கெடாதிருக்கவும் சிறிது எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்தன. நியூயார்க் பீட்சா நேப்பிள்ஸின் சீரழிந்த நகல் என்பவர்கள் இந்தக் காரண காரியத் தொடர்பைக் காண்பதில்லை. கிடைத்த அடுப்பில் நல்ல பீட்சா சுட என்ன மாற வேண்டுமோ அதை அந்த நகரத்தினர் மாற்றினார்கள்.

எந்தப் பொருள் மேலே, எது கீழே என்பதைக்கூட அடுப்பில் கிடக்கும் நேரமே முடிவு செய்கிறது. சிகாகோவில் 1943இல் பிட்சேரியா ஊனோ கடையில் தொடங்கிய ஆழத்தட்டு பீட்சா அடுப்பில் அரை மணி நேரத்துக்கு மேல் கிடக்கும். அத்தனை நேரம் சீஸ் மேலே இருந்தால் கருகும். ஆகவே மாவின் மேல் சீஸ், அதற்கு மேல் இறைச்சி, உச்சியில் தக்காளி என வரிசை மாறியது. டெட்ராய்ட்டில் 1946இல் படீஸ் கடை சதுர பீட்சாவை அறிமுகப்படுத்தியது. கார் ஆலைகளில் உதிரிபாகங்களைப் போட்டுவைக்கப் பயன்பட்ட கனத்த எஃகுத் தட்டங்களில்தான் அது சுடப்பட்டது என்று அந்நகரத்தார் சொல்கிறார்கள். எண்ணெய் தடவிய அந்தத் தட்டத்தில் மாவின் அடி பொரிந்தது போல் வேகும். விஸ்கான்சின் மாநிலத்து ‘பிரிக்’ சீஸைத் தட்டத்தின் ஓரம்வரை பரப்புவதால், சுவரில் ஒட்டி உருகி முறுகலான பழுப்பு வேலி எழும்பும். தக்காளிச் சாறு சீஸுக்கு மேலே கோடுகளாக விழும். அதனால் மாவு ஊறிப்போவதில்லை. நேப்பிள்ஸின் கண்ணாடி வழியே பார்த்தால் இவை இரண்டும் விதிமீறல்கள். தட்டத்தையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் வேறு எப்படியும் இருந்திருக்க முடியாது என்பது விளங்கும்.

அடுப்புக்கு அடுத்து, சாப்பிடுபவரின் வாழ்க்கை பீட்சாவின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. 19ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸில் பீட்சா ஏழைகளின் தெரு உணவு. சந்தையில் எந்தச் சரக்கு மலிந்திருக்கிறது, எது ஏறியிருக்கிறது என்பதைப் பீட்சாவின் விலையைக் கொண்டே சொல்லிவிடலாம் என்று பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துமா 1843இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதினார். ரோம் நகரில் நீள்சதுரத் தட்டங்களில் சுட்டு, கேட்ட அளவுக்குக் கத்தரியால் வெட்டி, எடை போட்டு விற்கும் வழக்கம் வேரூன்றியது. வேலைக்கு நடுவே நின்றபடியே பசியாற வருபவருக்கு அது பொருந்தியது. தட்டத்தில் சில மணி நேரம் காத்திருந்தாலும் கெடாதபடி மாவில் நீரைக் கூட்டி, இரண்டு மூன்று நாள் குளிரில் புளிக்கவைத்துச் சுடுவது அந்த மரபின் சிறந்த கடைகளின் வழக்கம். சிசிலித் தீவின் பலெர்மோவில், இலங்கையிலிருந்து சென்ற தமிழர் குடும்பங்கள் பல வாழும் அந்த நகரில், வெங்காயம், நெத்திலி வகை மீன், ரொட்டித்தூள், உள்ளூர்ச் சீஸ் சேர்ந்த ‘ஸ்ஃபின்சியோனே’ ரொட்டிக் கடைகளிலும் தள்ளுவண்டிகளிலும் விற்கிறது. ஜெனோவாவிலிருந்து அர்ஜென்டினாவின் புவெனஸ் அய்ரஸுக்குப் போனவர்கள் வெங்காயமும் சீஸும் குவிந்த கனத்த பீட்சாவை வளர்த்தெடுத்தார்கள். கொண்டைக்கடலை மாவில் சுட்ட அடையை அதன் மேல் வைத்துச் சாப்பிடும் பழக்கமும் ஜெனோவாவிலிருந்து கூடவே வந்தது. நியூயார்க்கில் ஒரு துண்டு பீட்சாவின் விலை சுரங்க ரயில் கட்டணத்தோடு சேர்ந்தே ஏறி வந்திருக்கிறது என்று 1980இலேயே ஒருவர் நாளிதழில் சுட்டிக்காட்டினார். நடந்துகொண்டே ஒரு கையால் மடித்துச் சாப்பிடும் அந்தத் துண்டு, அந்நகரத்து உழைப்பாளியின் அவசரத்துக்கும் சட்டைப்பைக்கும் ஏற்ப அமைந்த உணவு.

இப்படிச் சொன்னால் உடனே ஓர் எதிர்ப்பு எழும். ஒவ்வோர் ஊரின் பீட்சாவும் அதனதன் அளவில் சரி என்றால், மோசமான பீட்சா என்று எதையுமே சொல்ல முடியாதே, எதைச் சுட்டு விற்றாலும் ‘இதுதான் எங்கள் பாணி’ என்று தப்பித்துக்கொள்ளலாமே என்பார்கள். உண்மையில் மரபை அறிந்து அளக்கும்போது சோதனை கடினமாகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகோலை வைத்தால் ‘சீஸ் நிறைய இருக்கிறது, சூடாக இருக்கிறது, சுவையாக இருக்கிறது’ என்ற மூன்று மங்கலான சொற்களோடு மதிப்பீடு நின்றுவிடும். மரபை வைத்து அளந்தால் தப்பிக்க வழியில்லை. நேப்பிள்ஸ் பாணி என்று பலகை மாட்டிய கடையில் ஓரம் உப்பாமல் தட்டையாக இருந்தால் அது தோல்வி. நியூயார்க் பாணித் துண்டை மடித்துப் பிடிக்கும்போது நுனி தொங்கி மேலே உள்ளதெல்லாம் வழிந்தால் அது தோல்வி. டெட்ராய்ட் பீட்சாவின் ஓரத்தில் முறுகல் வேலி இல்லையென்றால், வடிவம் சதுரம் என்பதால் மட்டும் அது டெட்ராய்ட் பீட்சா ஆகிவிடாது. ரோம் நகரின் இன்னொரு வகையான மெல்லிய வட்டப் பீட்சா நொறுங்காமல் ரப்பராக இழுபட்டால், எத்தனை விலையுயர்ந்த பன்றித் தொடையை மேலே அடுக்கினாலும் அதைக் காப்பாற்ற முடியாது. கடைக்காரர் தானே ஏற்றுக்கொண்ட வாக்குறுதியை வைத்து அவரை அளக்கிறோம். அதைவிட நேர்மையான, கண்டிப்பான அளவை வேறு இருக்க முடியாது.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. பீட்சா பிறந்தது நேப்பிள்ஸில். சட்டமும் யுனெஸ்கோவும் அங்கீகரித்ததும் அதைத்தான். ஆகவே மூலமே அளவுகோல், மற்றவை திரிபுகள் என்ற வாதம் அது. நேப்பிள்ஸ் மரபின் மேல் எனக்கு மதிப்பு அதிகம். ஆனால் ஐரோப்பியப் பாதுகாப்பு ‘நேப்பிள்ஸ் பீட்சா’ என்ற பெயருக்கு உரியது. பீட்சா என்ற உணவு முழுமைக்கும் அது உரிமை கோரவில்லை. நேப்பிள்ஸ் மரபும் அசையாமல் நின்றதில்லை. அதன் உயிரான தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குள் வந்த காய். இன்று உலகமே கொண்டாடும் இந்த உணவை, ‘பினோக்கியோ’ கதையை எழுதிய இத்தாலியரான கார்லோ கொல்லோதி 1886இல் கருகிய, அழுக்கேறிய தோற்றமுள்ள பண்டம் என்று இகழ்ந்து எழுதினார்; இத்தாலியின் பிற பகுதிகளில் அன்று அதற்கு மதிப்பு இருக்கவில்லை. விறகடுப்பின் காவலரான நேப்பிள்ஸ் சங்கமே, அதற்கு நிகரான வெப்பம் தரும் எரிவாயு, மின் அடுப்புகள் சிலவற்றுக்கும் பின்னர் ஒப்புதல் அளித்தது. மாறி மாறி வளர்ந்த ஒன்றை ஒரு குறிப்பிட்ட ஆண்டில் உறைய வைத்து, அதற்குப் பின் நடந்ததையெல்லாம் திரிபு என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. மூலத்தை மதிப்பது வேறு, மூலத்தை மட்டுமே மதிப்பது வேறு.

மூன்றாவதாக, கைப்பேசியில் நட்சத்திர மதிப்பீடுகள் இருக்கும்போது இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். ஆயிரம் பேரின் கருத்தைத் திரட்டித் தரும் வசதியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தச் சராசரி எதைச் சொல்கிறது என்று யோசிக்க வேண்டும். மொறுமொறுப்பை எதிர்பார்த்து வந்தவர் நேப்பிள்ஸ் பாணிக் கடைக்கு ‘வேகவில்லை’ என்று ஒரு நட்சத்திரம் போடுவார். மென்மையை விரும்புபவர் நிலக்கரிக் கடைக்குக் ‘கருக்கிவிட்டார்கள்’ என்று ஒரு நட்சத்திரம் போடுவார். தன் மரபில் உறுதியாக நிற்கும் கடைக்கு இதனால் மதிப்பெண் குறைகிறது. யாருக்கும் பெரிதாகப் பிடிக்காமலும் யாரையும் கோபப்படுத்தாமலும் சுடும் கடைக்கு ஏறுகிறது. வீட்டுக்கு வரவழைத்துச் சாப்பிட்டவர்களின் மதிப்பீடும் இதே கணக்கில் சேர்கிறது. நேப்பிள்ஸ் பீட்சா அட்டைப்பெட்டிக்குள் பத்து நிமிடம் இருந்தாலே தன் ஆவியில் தானே ஊறிவிடும். டெட்ராய்ட், நியூயார்க் வகைகள் அந்தப் பயணத்தைத் தாங்கும். பெட்டியில் வந்ததைத் தின்றுவிட்டு நேப்பிள்ஸ் பாணிக் கடையைக் குறை சொல்வது கடைக்காரருக்குச் செய்யும் அநீதி. நட்சத்திரங்களைவிட, அவற்றின் கீழே எழுதியிருக்கும் குறைகளைப் படிப்பது பயன் தரும். எதைக் குறையென்கிறார்கள் என்பதிலிருந்தே கடையின் பாணியை ஊகித்துவிடலாம்.

அப்படியானால் ஓர் ஊரில் நல்ல கடையைக் கண்டுபிடிக்க என்ன செய்வது? மாவிலிருந்து தொடங்க வேண்டும். மாவை எங்கே பிசைகிறீர்கள், எத்தனை மணி நேரம் புளிக்கவைக்கிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்லும் கடை பெரும்பாலும் ஏமாற்றாது. அன்றைய மாவு தீர்ந்ததும் கதவை மூடும் கடை இன்னும் நம்பத் தக்கது. மாவை அளவாகவும் நேரம் பார்த்தும் தயாரிக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. அடுத்து, பட்டியலில் உள்ளவற்றிலேயே மிக எளியதைக் கேட்க வேண்டும். நேப்பிள்ஸ் பாணிக் கடையில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும் சேர்ந்த மரினாரா; நியூயார்க் பாணிக் கடையில் வெறும் சீஸ் துண்டு; ரோமானியக் கடையில் எண்ணெயும் உப்பும் மட்டும் தடவிய வெள்ளைப் பீட்சா. குறையை மறைக்கப் பொருள் இல்லாத இடத்தில்தான் கைத்திறன் தெரியும். 1870இலிருந்து நடக்கும் நேப்பிள்ஸின் ‘தா மிக்கேலே’ கடை நெடுங்காலம் மரினாரா, மார்கரீட்டா என்ற இரண்டை மட்டுமே நம்பிப் பெயர் பெற்றது. பீட்சா வந்ததும் ஒரு துண்டைத் தூக்கி அடியைப் பார்க்க வேண்டும். வெளிறிப்போயிருந்தால் அடுப்பு சூடேறவில்லை. ஒரே சீராகப் பழுப்பேறியோ, புள்ளி புள்ளியாகக் கருத்தோ இருந்தால் அடுப்பும் நல்லது, ஆளும் தேர்ந்தவர். கடைசியாக, ஓரத்தைத் தனியே சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். தட்டில் ஓரங்களை ஒதுக்கிவைக்கத் தோன்றினால் அந்தக் கடையில் மாவு வெறும் தாங்குபலகை. நல்ல ரொட்டியைப் போல ஓரமே ருசித்தால் அது திரும்பப் போக வேண்டிய கடை.

பன்னாட்டு நிறுவனக் கடைகளைப் பற்றி என்ன சொல்வது என்ற கேள்வியையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். எந்த ஊரிலும் ஒரே சுவை, கட்டுப்படியாகும் விலை, விரைவு என்று அவை கொடுப்பவை மதிப்பில்லாதவை அல்ல. பல குடும்பங்களுக்கு வெளியே போய்ச் சாப்பிடும் சிறிய மகிழ்ச்சியை அவையே எட்டும் தூரத்தில் கொண்டுவந்தன. ஆனால் எங்கும் ஒரே சுவை வேண்டுமென்றால், ஆளின் கைத்திறனைச் சார்ந்திராத முறை வேண்டும். நகரும் பட்டையில் தட்டத்தை ஏற்றினால் மறுமுனையில் வெந்து வெளிவரும் இயந்திர அடுப்பு வேண்டும். அடுப்பின் முன் நின்று, மாவின் நிறம் பார்த்துத் திருப்பும் மனிதருக்கு அங்கே இடமில்லை. உள்ளூர்க் கடைகள் உயிரோடு இருக்கும் இடத்தில் மக்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு இத்தாலியே சான்று. 2015இல் அங்கே நுழைந்த டொமினோஸ், 2022இல் தன் கடைகளை மூடிவிட்டு வெளியேறியது. பெருந்தொற்றுக் காலத்தில் உள்ளூர்க் கடைகளே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கியதும், நிறுவனத்தின் தனிச் சிறப்பாக இருந்த அந்த வசதியும் பொதுவாகிவிட்டது. வசதி சமமானபோது மாவு வென்றது என்றே அதைப் புரிந்துகொள்கிறேன்.

இந்தியாவில் நிலைமை வேறு. டொமினோஸும் பீட்சா ஹட்டும் 1996இல்தான் இங்கே கடை திறந்தன. நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு முதல் பீட்சாவே இத்தகைய கடைகளின் பீட்சா. அதனால் தடித்த மென்மையான அடி, இழுத்தால் நீளும் சீஸ், மேலே நிறைந்த காய்கறி அல்லது கோழி என்பதே நம் மனத்தில் பீட்சாவின் இலக்கணமாகப் பதிந்துவிட்டது. இது யாருடைய குற்றமும் இல்லை. முதலில் அறிமுகமானது எதுவோ அதுவே அளவுகோலாகும். இப்போது ஆரோவில்லிலும் பெருநகரங்களிலும் விறகடுப்பு வைத்த கடைகள் இருக்கின்றன. மாவைத் தாங்களே பிசைந்து புளிக்கவைக்கும் சிறு கடைக்காரர்களும் வந்திருக்கிறார்கள். பழைய அளவுகோலோடு போகும் வாடிக்கையாளர் அங்கே ‘சீஸ் குறைவு, ஓரம் கருகல்’ என்று திரும்பிவிட்டால், அவர்களும் அடுத்த மாதம் சீஸைக் கூட்டி, வெப்பத்தைக் குறைத்து, மாவின் புளிப்பு நேரத்தைச் சுருக்கிவிடுவார்கள். வாடகையும் சம்பளமும் கொடுக்க வேண்டியவர்களை அதற்காகக் குறை சொல்ல முடியாது.

இறக்குமதிச் சரக்கு இல்லாமல் இங்கே நல்ல பீட்சா சாத்தியமா என்ற ஐயத்துக்கும் மேலே கண்ட வரலாறே பதில். டெட்ராய்ட் விஸ்கான்சின் சீஸை எடுத்துக்கொண்டது; பலெர்மோ தன் தீவின் சீஸையும் மீனையும் எடுத்துக்கொண்டது; நியூ ஹேவன் தன் கடற்கரைச் சிப்பிச் சதையைப் பீட்சாவின் மேல் ஏற்றிப் புகழ் பெற்றது. உலகிலேயே அதிகமாக எருமைப்பால் கறக்கும் நாடு இந்தியா. நேப்பிள்ஸ் போற்றும் மொசரெல்லா வகைகளில் ஒன்று எருமைப்பாலில்தான் உருவாகிறது. மூலப்பொருள் இல்லை என்பது நம் குறை ஆகாது. மாவுக்கு நேரம் கொடுக்கும் பொறுமையும், அதைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளரும்தான் இங்கே அரிது. ஊர்தோறும் பீட்சா மரபுகள் உருவானது, சுடுபவர் தன் அடுப்பை அறிந்திருந்ததாலும், சாப்பிடுபவர் நல்ல மாவையும் கெட்ட மாவையும் பிரித்தறிந்து நல்லதற்கே திரும்பத் திரும்பக் காசு கொடுத்ததாலும்தான். கூடுதல் சீஸ் எவ்வளவு என்று கேட்கும் வாடிக்கையாளருக்குக் கடை கூடுதல் சீஸையே தரும். மாவு எத்தனை மணி நேரம் புளித்தது என்று கேட்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால்கூட, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய கடை அந்த ஊரில் நிலைக்கும்.